கடல் ஏறும் நேரம்

வளர்மதி கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் சிப்பிகளை ஆராய்ந்தவள். ஒருவகைச் சிப்பிக்குள் வாழும் நுண்ணுயிர், கடல்நீர் ஏறும்போதெல்லாம் சிப்பியைத் திறக்கவைக்கும். கடலைவிட்டு எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் நேரம் தப்பாது.

2007-இல் பிரசவத்துக்காக விருத்தாசலம் வந்தாள். பிறந்த மகள் நாளுக்கு இரண்டு தடவைதான் பாலுக்கு வாய் திறந்தாள். எடை இறங்கியது. வளர்மதி அழுதுகொண்டே நேரங்களைக் குறித்தாள். தினமும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போனது. கடல் ஏறும் அட்டவணையோடு ஒப்பிட்டாள். அதே நேரங்கள். சிப்பியின் நுண்ணுயிர் தன் வழியாக மகளுக்குள்ளும் வந்துவிட்டது என்று புரிந்தது.

பிறகு அட்டவணை பார்த்தே பால் கொடுத்தாள். இரண்டே வேளைதான், ஆனாலும் கன்னங்கள் உப்பின. கணவன் பயந்துவிடுவான் என்று அவனிடம் சொல்லவில்லை.

ஒரு வியாழக்கிழமை பகல் ஒன்று பத்துக்கு மகள் வாய் திறந்தாள். மாரோடு அணைத்துக்கொண்டபோது, பீங்கான் பொம்மைப் பட்டறையிலிருந்து கணவன் கோவிந்தராசு போன் செய்தான்.

“புள்ள பால் குடிக்குதா?”

“குடிக்கிறா. ஏங்க?”

“பொம்மைக்கு சாயம் அடிச்சிட்டிருந்தேன். ரெண்டு கையும் தானா விரிஞ்சிக்கிச்சி. பொம்மை வுழுந்து ஒடஞ்சிடுச்சி. நேத்தும் இப்படித்தான், பன்னெண்டு இருவதுக்கு.”

அவள் அட்டவணையில் நேற்றைய வரியைப் பார்த்தாள்; பன்னிரண்டு இருபது. “வலிக்குதாங்க?”

“இல்ல வளரு. யாரோ நம்ம புள்ளைய எங்கிட்ட நீட்டுற மாதிரி இருக்குது.”