சுவருக்குள் டொக் டொக்

பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்த வீரபாகு ஆசாரி, ஜன்னல் நிலையின் பக்கவாட்டில் சின்ன மரமூடி ஒன்று இருப்பதைக் காட்டினார்.

நான் அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன்.

கண்ணாடிச் சட்டங்கள் மேலும் கீழுமாக ஏறி இறங்கும் பழைய காலத்து ஜன்னல். நாற்பது வருஷமாக அதை யாரும் திறந்ததில்லை. அதைச் சரிபண்ணத்தான் ஆசாரியை வரச்சொல்லியிருந்தேன்.

வெளியே சொல்லிக்கொண்டது அப்படி. எனக்கு வேண்டியது அந்தச் சுவருக்குள் இருப்பது.

கடல் பக்கமிருந்து கொண்டல் காற்று அடித்தால் அங்கே டொக் டொக்கென்று கேட்கும். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் கடற்கரையில் கடை போட்டிருந்த தாத்தா, முத்துகளை டப்பாவில் போட்டு உள்ளே தொங்கவிட்டிருக்கிறார் என்பது எங்கள் வீட்டுப் பேச்சு. பைபிளுக்கு அடுத்தபடியாக நாங்கள் நம்பியது அதைத்தான்.

நாலு மாதத்துக்கு முன் பாகப்பிரிவினை நடந்தது. கீழ்வீட்டையும் மாப்பிள்ளையூரணி மனையையும் எபனேசர் அண்ணனே எடுத்துக்கொள்ளட்டும், எனக்கு இந்த மாடியறை போதும் என்றேன். அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. என் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இப்படிப்பட்ட மனிதரை ஏமாற்றுகிறோமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆசாரி மூடியைக் கழற்றினார்.

உள்ளே கயிற்றில் ஓர் இரும்புக்குண்டு தொங்கியது. கண்ணாடிச் சட்டத்தின் எடைக்கு ஈடான எடை. அது இருந்தால்தான் தூக்கிய ஜன்னல் தூக்கிய இடத்திலேயே நிற்குமாம். ஆசாரி அதை விரலால் லேசாகத் தள்ளினார்.

டொக்.

வெட்கத்தை விட்டு, முழங்கை வரை கையை நுழைத்துத் துழாவினேன். கொஞ்சம் துருவும் இரண்டு பல்லி முட்டையும் கிடைத்தன.

ஒரு இரும்புக்குண்டுக்காக வீட்டையும் மனையையும் விட்டுக்கொடுத்த கணக்கு டீச்சர் நான்.

ஆசாரி, கழற்றிய ஸ்க்ரூ இரண்டையும் உள்ளங்கையில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“டீச்சர், மத்ததெல்லாம் பழைய பித்தளை. இது ரெண்டும் புது எஸ்.எஸ்., துருப்பிடிக்காத ஸ்டீலு. போட்டு ஒரு வருஷங்கூட ஆவாது. இந்த உப்புக்காத்துக்கு எஸ்.எஸ்.தான் தாங்கும்னு தெரிஞ்ச ஆளுவதான் முடுக்கியிருக்காவ.”

அண்ணனுக்குச் சாகுபுரம் கெமிக்கல் ஆலையில் மெயின்டனன்ஸ் வேலை. போன கிறிஸ்மஸுக்கு இந்த ஒரு அறைக்கு மட்டும் தன் கையாலேயே பெயின்ட் அடித்தவரும் அவர்தான்.

கோபம் வந்தது. அதைவிட, அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கும் ஆசை பெரிதாக வந்தது. மாடிப்படியில் நின்று கீழே பார்த்துக் கத்தினேன்.

“அண்ணே, முத்து இருக்கு!”

மூட்டுவலி என்று மாடிப்பக்கமே எட்டிப்பார்க்காத மனிதர், இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் ஜன்னல் முன்னால் மண்டியிட்டார்.

“ஏளா, எங்கன இருந்துச்சு? நான் அடிவரைக்கும் கைய விட்டுத் துழாவுனேனே!”