பத்துப் போஞ்சி விதை

"எண்ணிச் சொல்லு, விதுஷா."

யோகநாதன் தரையில் பத்துப் போஞ்சி விதைகளைப் பரப்பினான். நான்கு வயது மகள் ஒவ்வொன்றாகத் தொட்டு, பத்து வரை பிழையில்லாமல் எண்ணினாள்.

"ஆக, எத்தன?"

"எட்டு."

மூன்றாவது தடவையும் எட்டுதான். தேயிலைத் தோட்டத்து நிறுவை வேலைக்குப் போகும் நேரம் நெருங்க நெருங்க அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"புள்ளய பதுளைக்குக் கொண்டுபோயி டாக்டர்கிட்ட காட்டணும். வீட்ல நீ என்னதான் சொல்லிக் குடுக்குற?" என்று மனைவிமீது பாய்ந்தான்.

கொழுந்துச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டிருந்த ராஜகுமாரி குனிந்து, "ஏன் பாப்பா, ரெண்ட விட்டுட்ட?" என்று கேட்டாள்.

"விடலம்மா. ஈரத்துக்கு ரெண்டு கழிச்சிட்டேன். கொழுந்து நிறுக்குறப்ப அப்பா ஒனக்கு அப்படித்தானே கழிக்கிறாரு?"