வேறொருத்தியின் பால்

அரசியால் உட்கார முடியவில்லை.

சாளரத்துக்கும் திரைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள். வெளியே வண்டியிலிருந்து சந்தனக் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். விழும் ஒவ்வொரு கட்டையையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

போர்க்களத்திலிருந்து அரசரின் உடல் வந்துவிட்டது. பொழுது சாய்ந்ததும் எரியூட்டல். அரசியும் உடன் தீப்பாய வேண்டும் என்று கொழுந்தன் சபையில் சொல்லிவிட்டான்.



பட்டர் மட்டும் குறுக்கிட்டார். பால் மறக்காத பிள்ளை இருந்தால் தாய் தீப்பாயக் கூடாது. முறை அப்படி என்றார்.

கொழுந்தன் அதற்கும் வழி வைத்திருந்தான். எங்கிருந்தோ ஒரு செவிலியை வரவழைத்தான். பிள்ளை அவளிடம் குடித்துவிட்டால் போதும். தாய்க்கு இங்கே வேலை இல்லை.

இப்போது அந்தச் செவிலி திரைக்கு உள்ளே இருக்கிறாள், குழந்தையோடு. இன்று காலையிலிருந்து குழந்தையை அரசியின் கையில் தரவே இல்லை. கொழுந்தனும் பட்டரும் வாசலோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

சாகப் பயமாக இருந்தது. அதை மறைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

குழந்தைக்காக மட்டும் என்று சொன்னால் அது பொய். அரசர் போருக்குப் போன நாளிலிருந்து அவள்தான் அவர் இருக்கையில் அமர்ந்து வழக்குக் கேட்டாள். கொழுந்தன் வளைத்துப்போட்ட கோயில் நிலத்தை மீட்டுக் கொடுத்ததும் அவள்தான். அந்த இருக்கை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

இதைப் போய் யாரிடம் சொல்வது?

உள்ளே குழந்தை அழுதது.

அவள் மார்பு தானாகச் சுரந்து கச்சை நனைந்தது. மேலாடையை இழுத்து மூடிக்கொண்டாள். பாழாய்ப்போன பாலுக்கு அரசியல் எங்கே தெரிகிறது!

"காலையிலேருந்து பட்டினி. இப்ப குடிச்சிடுவான், அண்ணி" என்றான் கொழுந்தன். ஆறுதல் சொல்வது போலவே சொன்னான்.

அழுகை நின்றது.

வாய் வைத்துவிட்டான்.

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள். பெற்ற பிள்ளை பசியாறக் கூடாது என்று வேண்டினாள். எந்தத் தெய்வத்திடம் வேண்டினாள் என்று அவளுக்கே தெரியாது.

கொழுந்தன் மெல்லப் பட்டரைத் திரும்பிப் பார்த்தான்.

அப்போதுதான் குழந்தை வீறிட்டது.

திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். குழந்தை நாக்கை நீட்டி நீட்டித் துப்பியது. இரண்டு கைகளாலும் செவிலியைத் தள்ளியது. முகம் சிவந்து, மூச்சு முட்ட அழுதது.

செவிலிக்குச் சின்ன வயது. இதற்கு முன் அவளை எங்கும் பார்த்ததில்லை.

"மூஞ்சியத் திருப்பிக்கிறாரு தாயே. எங்கிட்ட குடிக்கவே மாட்டேங்கிறாரு." வெளியே கேட்கும்படி உரக்கச் சொன்னாள் செவிலி.

அரசி குழந்தையை வாங்கினாள். அதன் உதட்டோரம் ஒரு துளி பச்சை.

கட்டைவிரலால் துடைத்தாள். மோந்து பார்த்தாள்.

வேப்பிலை.

செவிலி தலை நிமிரவில்லை. அவசரமாக மார்பைத் துடைத்து மூடிக்கொண்டிருந்தாள். தெரிந்தால் அவள் தலை தப்பாது.

ஏன் செய்தாய் என்று கேட்க முடியாது. கேட்டால் வெளியே கேட்கும்.

அரசி கச்சையைத் தளர்த்தினாள். குழந்தை முட்டி மோதி வாய் வைத்தது. அறை அமைதியானது.

"இன்னொருத்திய வரச் சொல்றேன். பொழுது சாய இன்னும் நேரமிருக்கு." கொழுந்தனின் குரலில் எரிச்சல் இருந்தது.

"வேண்டாம்." உள்ளிருந்தே சொன்னாள். "அரசருக்குச் செவிலி யாருன்னு நான்தான் சொல்லுவேன்."

எந்த அரசர் என்று புரிய அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இவளே இருக்கட்டும். பொழுது சாயற வரைக்கும் இவளே கொடுத்துப் பாக்கட்டும்."