அடிமண்

சிவகுமாரின் மணிக்கட்டு தடித்துப்போயிருந்தது. ரப்பர் வாரைக் கடைசித் துளைவரை இழுத்துத்தான் வீராசாமியால் அந்த வாட்சைக் கட்ட முடிந்தது.

"தண்ணி பூராதாடா இதுக்குள்ள?"

"கப்பலுக்கு அடியில போய் வர்ற வாட்ச்சு சார். மண்ணு எடுத்துக்கினு ஏறுங்க, உங்களுக்கே."

முன்பெல்லாம் 'ஆண்டே' என்பான். சென்னைத் துறைமுகத்தில் முக்குளிக்கிறவர்களோடு வேலைக்குச் சேர்ந்த பிறகு 'சார்' ஆகிவிட்டது. சிவகுமாருக்குச் சுருக்கென்று தைக்கும் என்று தெரிந்தேதான் சொன்னான்.

அன்று மாட்டுப் பொங்கல். மாடு கழுவிய கையோடு சிவகுமாரின் பெரிய கிணற்றில் முங்கி அடிமண் எடுப்பது அந்த ஊர் வழக்கம். யார் யாரோ முங்கிப் பார்த்து வெறுங்கையோடு ஏறுவார்கள். கையில் மண்ணோடு ஏறுகிறவர் சிவகுமார் ஒருத்தர்தான். கிணறும் அவருடையது, பேரும் அவருடையது.

பச்சமுத்து செத்த வருஷத்தோடு அந்த வழக்கம் நின்றது.

பச்சமுத்து, வீராசாமியின் அண்ணன். ஊர்க்கோடி இருளர் குடிசையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவன். சிவகுமார் மண்ணை உயர்த்திக் காட்டிவிட்டு அவன் பக்கம் திரும்பி, எலி பிடிக்கிறவனுக்கு வளையில்தான் மூச்சு, தண்ணீரில் ஏது என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ரோஷக்காரன், குதித்துவிட்டான். சாயங்காலம் பாதாளக் கரண்டி போட்டுத்தான் எடுத்தார்கள்.

வீராசாமி பழி வாங்க வந்திருந்தான். வேறு எதற்கும் வரவில்லை.

சிவகுமாருக்கு இப்போது தொந்தி. நாலு படி ஏறினால் நாய்போல மூச்சு வாங்குகிறது. நாற்பது அடி இறங்கினால் திரும்ப மாட்டார். ஆனால் ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிக்கும் ரகம். அதனால்தான், நின்றுபோன வழக்கத்துக்கு அவரை மறுபடி இழுக்க, இந்த வாட்ச்.

எவ்வளவு ஆழம் போனோம் என்பதை அந்த வாட்ச் தானே குறித்து வைத்துக்கொள்ளும். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. பிணத்தைக் கரையேற்றிய பிறகு எத்தனை அடியில் உயிர் போனது என்று ஆசைதீரப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தான்.

சிவகுமார் குதித்தார். தண்ணீர் சுவரில் மோதி அடங்கியது.

'வராதே, வராதே' என்று வீராசாமி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். செத்த அண்ணன்மேல் ஆணையாக, தண்ணீரிடம் அதைத்தான் வேண்டினான்.

வந்துவிட்டார். வாய் பிளந்து, கண் சிவந்து, முஷ்டியை உயர்த்திக்கொண்டு வந்தார். விரலிடுக்கில் செக்கச்செவேல் என்று மண். விசில் பறந்தது. கிணறுகூட இருக்கப்பட்டவன் பக்கம்தான் என்று வீராசாமிக்கு வயிறு எரிந்தது.

"இன்னாடா வீரா, இது கூவிக்கினே கீது. நிறுத்து."

அவசரமாக மேலே வந்தால் அப்படித்தான் கத்தும். வீராசாமி கையைப் பிடித்துப் பித்தானை அமுக்கினான். எண்ணைப் பார்த்தான். நம்பாமல் இன்னொரு தரம் அமுக்கினான்.

மூன்று மீட்டர்.

கல்கட்டு முடிந்து பாறை ஆரம்பிக்கிற இடம் அது. அங்கே ஒரு திட்டு உண்டு. மேலேயிருந்து சரிகிற செம்மண் அதில்தான் தங்கும்.

"பத்தடிதான் சார் போய்க்கீறீங்க," என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி.

மிஷின் பொய் சொல்கிறது என்று சிவகுமார் சிரித்தார். கூடச் சேர்ந்து யாரும் சிரிக்கவில்லை.

வீராசாமி வாட்சைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு, போட்டிருந்த சட்டையோடு குதித்தான். அண்ணனுக்குப் பிறகு அந்தத் தண்ணீரை அவன் தொட்டதில்லை. திட்டைத் தாண்டியதும் இருட்டு. காதைக் குடைந்தது, மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டே இறங்கினான். கடைசியில் முழங்கைவரை சேற்றில் புதைந்தது.

ஏறி வந்ததும் வாட்சை நேராகத் தண்டபாணியிடம் நீட்டினான். சிவகுமாரின் சித்தப்பா, மாட்டுக்குத் தண்ணீர் ஊற்றிய வாளியோடு நின்றுகொண்டிருந்தார். பதின்மூன்று மீட்டர் என்று அவரே வாய்விட்டுப் படித்தார்.

வீராசாமி உள்ளங்கையை விரித்தான். மண் கன்னங்கரேல் என்றிருந்தது. அழுகிய முட்டை நாற்றம்.

அதைப் பார்த்ததும் அவனுக்கு அண்ணனின் கை நினைவுக்கு வந்தது.

அண்ணனைத் தூக்கிக் கிடத்தியபோது வலது கை மூடியிருந்தது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சிவகுமார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். தண்டபாணி வாளியை எடுத்துக் கொடுக்க, தன் கையாலேயே கழுவிவிட்டார். இருளன் பிணத்தைத் தொட்டுக் கழுவுகிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு என்று ஊர் உருகியது. அம்மா சிட்டம்மாள் அவர் காலில் விழுந்து கும்பிட்டாள்.

கழுவிய தண்ணீர் கறுப்பாக ஓடியது.

பச்சமுத்து தோற்றுச் சாகவில்லை. அந்த ஊரில் அடியைத் தொட்டவன் அவன் ஒருவன்தான். அது தெரிந்த ஒரே ஆள் சிவகுமார்.

வீராசாமி அவருடைய கையைப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். செம்மண் உதிர்ந்தது. அந்த இடத்தில் கறுப்பு மண்ணை வைத்து அழுத்தி மூடினான்.

"எங்க அண்ணன் எடுத்தது சார். வச்சிக்கோங்க."

சிவகுமார் உதறினார். போகவில்லை. வேட்டியில் தேய்த்தார், அதிலும் அப்பிக்கொண்டது. கழுவ வேண்டும் என்று தண்டபாணியின் பக்கம் கையை நீட்டினார்.

தண்டபாணி அந்தக் கறுப்புக் கையைப் பார்த்தார். பிறகு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டு, மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.