வாசலில் ஒரு குலுக்கல்

“நீங்களே உட்கார்ந்து பாருங்க. வீட்டு வாசல் வந்தா போதும், பேய் பிடிச்ச மாதிரி குலுங்கும்” என்றார் வக்கீல். “பழைய ஸ்போர்ட்ஸ் காரும் இப்படித்தான். அதை வித்துத் தலைமுழுகிட்டு இதை வாங்கினா, இதுவும் அதே கூத்து!”

மெக்கானிக் பக்கத்தில் ஏறிக்கொண்டார். கடைத்தெரு நெரிசலில் கார் ஆமையாய் ஊர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை; தானாகவே கியர் மாற்றும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் வெண்ணெயாய் வேலை செய்தது.

வீட்டு கேட்டைத் தாண்டியதும் வெடுக்கென்று குலுங்கியது.

“பார்த்தீங்களா?”

பார்த்தார். வக்கீலின் கால் பிரேக்கை ஓங்கி ஒரு மிதி மிதித்து எடுத்ததைத்தான் பார்த்தார். ஊர்ந்துபோகையில் அப்படி மிதித்தால் கிளட்ச் விட்டுப் பிடிக்கும். வண்டி குலுங்கத்தான் செய்யும்.

“பிரேக்கை மிதிச்சீங்களே சார்?”

“நானா? காலை அசைக்கவே இல்லையே!”

மறுபடி வெளியே போய்த் திரும்பினார்கள். அதே இடம், அதே மிதி. வக்கீலுக்கு அது தெரியவே இல்லை.

வக்கீல் போன் பேச உள்ளே போனதும் அவர் மனைவி மெக்கானிக் கிட்டே வந்தார்.

“அவர் கால்தான்னு சொல்லிடாதீங்க அண்ணே. அப்பல்லாம் வண்டிச் சத்தம் கேட்டா எங்க பொண்ணு அந்த இடத்துக்குத்தான் ஓடி வருவா. தினமும் அங்க பிரேக் போடுவார்.” அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். “ஒரே ஒரு நாள் போடல.”

வக்கீல் திரும்பி வந்தார். “என்ன, கோளாறு தெரிஞ்சுதா?”

மெக்கானிக் அவர் முகத்தைப் பார்க்காமல் கைதுடைக்கும் துணியை மடித்தார்.

“கியர்பாக்ஸ்தான் சார். இந்த ரக வண்டிங்க மெதுவாப் போனா அப்படித்தான் குலுங்கும். உங்க மேல தப்பே இல்ல.”