இருநூற்றுப் பதின்மூன்றாவது தாள்

கீழக்கரை சதக்குத்தம்பி 1975இல் பஹ்ரைனின் மனாமாவில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடை வைத்திருந்தார். லண்டனுக்குக் குடிபோகவிருந்த யூத வியாபாரி ஹெஸ்கேல், தம் குடும்பத்தின் எபிரேயக் கையெழுத்துப் புத்தகத்தைத் தைக்கக் கொடுத்தார். பாக்தாத் வெள்ளத்துக்கும் பாஸ்ரா தீக்கும் தப்பிய நானூறு வருடப் புத்தகம் அது.

"இருநூத்திப் பன்னிரண்டு தாள் இருக்கு பாய். கூடினாலும் குறைஞ்சாலும் சொல்லுங்க," என்றார்.

தைத்து முடித்து எண்ணினால் இருநூற்றுப் பதின்மூன்று. தையல் நூலை அறுத்து மறுபடி எண்ணினார். அதேதான். மனைவி ஜுபைதா எண்ணினாள். அதேதான்.

"குறைஞ்சா ஏசட்டும். கூடினதுக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று எரிந்து விழுந்தார் சதக்குத்தம்பி. கடைசித் தாளிலும் அதே மங்கிய மை. பூச்சி அரித்த துளைகூட முந்தைய தாள்களோடு நேராகப் பொருந்தியது.

மறுநாள் காலை ஹெஸ்கேல் வந்து அந்தத் தாளை மட்டும் படித்தார்.

"இந்தப் புத்தகத்தைக் காப்பாத்துறவங்க பேரு இங்கே வரும். எங்க அப்பா இறந்த அன்னிக்கு என் பேரு வந்துச்சு. இப்போ 'சதக்குத்தம்பி, கீழக்கரை'ன்னு இருக்கு."

"நான் தைக்கத்தானே செஞ்சேன்? கலாஸ், வேலை முடிஞ்சுது, எடுத்துட்டுப் போங்க!"

ஹெஸ்கேல் நீளமாக மூச்சு விட்டார். வெறுங்கையோடு டாக்ஸியில் ஏறிப் போய்விட்டார்.

"இத வச்சு நான் என்ன செய்ய?" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார் சதக்குத்தம்பி.

ஜுபைதா புத்தகத்தை வெள்ளைத் துணியில் சுற்றி, குர்ஆன் இருந்த அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்தாள்.