பூஜை அலமாரியில் களிம்பு

வெள்ளி விலை எட்டாத உயரத்துக்குப் போனபின், வெள்ளிக்கட்டி வாங்க முடியாதவர்கள் தீப்புண் களிம்பை வாங்கிச் சேர்த்தார்கள். அதிலும் கொஞ்சம் வெள்ளி உண்டு. மருந்துக் கடைகளில் தீர்ந்தது, ஆஸ்பத்திரிகளிலும் தீர்ந்தது. பொன்னம்பலம் வீட்டுப் பூஜை அலமாரியில் மட்டும் பெட்டி பெட்டியாக இருந்தது. தினமும் குளித்துவிட்டு வந்து, சாமி படங்களோடு அந்தப் பெட்டிகளுக்கும் குங்குமம் வைப்பார்.

அன்று காலை எதிர்வீட்டு மரகதத்தின் கையில் கொதிக்கும் எண்ணெய் கொட்டிவிட்டது. அவள் கணவன் ஓடிவந்து வாசலில் கும்பிட்டு நின்றான்.

"அண்ணே, தோலு உரிஞ்சு தொங்குதுண்ணே. ஒரே ஒரு டியூப் குடுங்க."

"சீல் உடைச்சா அப்புறம் எவன் வாங்குவான் தம்பி? தண்ணி ஊத்து. நானும் சாமிகிட்ட வேண்டிக்கிறேன்" என்ற பொன்னம்பலம், உள்ளே போய்ச் சூடம் ஏற்றி மணியடித்தார்.

எதிர்வீட்டு அலறலுக்கு மேலே கேட்டது அந்த மணிச்சத்தம். சூடம் அணையும்வரைகூட அவர் மனைவி சௌந்தரம் காத்திருக்கவில்லை. ஒரு டியூபை எடுத்து அவர் கண்ணெதிரிலேயே அதன் சீல் மூடியை உடைத்தாள்.

"அடியே, அதோட விலை தெரியுமா உனக்கு?"

"பூஜை ஆச்சில்ல? பிரசாதம் குடுத்துட்டு வர்றேன்."